பெட்டியில் உள்ளபடியா, நம் விருப்பப்படியா? பழைய கார் மாதிரி செய்வோருக்கு ஓர் ஒப்பீடு

பழைய கார் ஒன்றின் சிறிய மாதிரியை ஒட்டிச் செய்வதற்கான பாகங்கள் அடங்கிய பிளாஸ்டிக் கிட்டைப் பிரித்து மேசையில் பரப்பியதும், பசைக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று வந்து நிற்கிறது. அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே செய்வதா, கூரையைத் தாழ்த்திச் சக்கரங்களை மாற்றி நம் மனத்தில் உள்ள நிறத்தைப் பூசிக் கஸ்டம் காராகச் செய்வதா, அல்லது பல ஆண்டுகள் வெட்டவெளியில் கிடந்து துருவேறிய வண்டியாகச் செய்வதா என்பதே அந்தக் கேள்வி. இது புதிய கேள்வியும் அன்று. அமெரிக்காவின் ஏஎம்டி நிறுவனம் 1958-இல் ‘ஒன்றில் மூன்று’ வகைக் கிட்டுகளை விற்கத் தொடங்கியபோதே, அசல் வடிவம், கஸ்டம் வடிவம், பந்தய வடிவம் ஆகிய மூன்றுக்கும் உரிய பாகங்களை ஒரே பெட்டிக்குள் வைத்து, முடிவை வாங்குபவரிடமே விட்டுவிட்டது.

இந்த முடிவை அழகை மட்டும் வைத்து எடுப்பவர்களே அதிகம். நான் முன்வைக்க விரும்பும் அளவுகோல் வேறு. ஒரு வழியில் பாதி தூரம் சென்றபின் அது சரிப்படவில்லை என்று தெரிந்தால் திரும்பி வர முடியுமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதே அது. மாட்டிய சக்கரத்தைக் கழற்றிவிடலாம். கெட்டுப்போன பூச்சை உரித்துவிட்டு மீண்டும் பூசலாம். ஆனால் அறுத்த கூரைத் தூணை மறுபடி ஒட்டலாமே தவிர, அறுக்காத தூணாக ஆக்க முடியாது. பழைய கார் மாதிரியைப் பார்ப்பவரின் கண் முதலில் செல்லும் இடங்கள் மூன்று: பூச்சின் பளபளப்பு, குரோம் வேலைப்பாடு, சக்கரங்களின் மேல் உடல் உட்கார்ந்திருக்கும் நிலை. எந்த வழியில் போனாலும் இந்த மூன்றுதான் காரைத் தூக்கிநிறுத்தும் அல்லது கெடுக்கும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கார்களின் கிட்டுகள் பெரும்பாலும் 1/25 அளவிலும் (உண்மைக் காரில் 25-இல் ஒரு பங்கு), ஜப்பானிய, ஐரோப்பிய நிறுவனங்களின் கிட்டுகள் பெரும்பாலும் 1/24 அளவிலும் வருகின்றன. 200 அங்குலம், அதாவது 5,080 மில்லிமீட்டர் நீளமுள்ள 1957-ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர், 1/25-இல் 203 மி.மீ. நீளமும் 1/24-இல் 212 மி.மீ. நீளமும் இருக்கும். இந்த 9 மி.மீ. வேறுபாடு தனியாக நிற்கும் காரில் தெரியாது. ஒரு கிட்டின் இன்ஜினையோ இருக்கையையோ இன்னொரு கிட்டின் உடலுக்குள் பொருத்த முயலும்போதுதான் தெரியும். எனவே கஸ்டம் வேலையில் இறங்க எண்ணுபவர் ஒரே அளவில் நிலைத்திருப்பது நல்லது. அசல் வடிவத்தில் செய்பவருக்கு அளவு ஒரு பொருட்டன்று, பாகங்கள் பொருந்தும் துல்லியமே பொருட்டு. அந்த வகையில் ஜப்பானின் தமியா நிறுவனத்தின் 1966 ஃபோக்ஸ்வாகன் பீட்டிலோ மெர்சிடிஸ் 300 எஸ்எல்லோ முதல் முயற்சிக்கு நல்ல துணை. பல பத்தாண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட அச்சுகளிலிருந்தே இன்றும் வார்த்து விற்கப்படும் அமெரிக்கக் கிட்டுகளில் பிசிறும் இடைவெளியும் மிகுதி. ஆனால் அந்த உடல் வடிவம் வேறெங்கும் கிடைக்காது என்பதால் அவற்றைத் தள்ளவும் முடிவதில்லை.

மூன்று வழிகள்

‘பெட்டியில் உள்ளபடி’ என்றால் எளிது என்று பொருள் கொள்கிறார்கள். என் அனுபவத்தில் மூன்றிலும் மிகக் கண்டிப்பானது அதுதான், ஏனென்றால் அதற்கு முன்னால் உண்மைக் கார் ஒன்று நிற்கிறது. 1957 பெல் ஏரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத் துடுப்புகளின் ஓரத்தில் வரிவரியான அலுமினியத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். அது குரோம் அன்று, மங்கிய வெள்ளி நிறம். முன்புறக் கிரில்லின் வலைப்பின்னல் பொன்னிறம். பம்பர் மட்டும் கண்ணாடிபோலப் பளபளக்கும் முழுக் குரோம். கிட்டில் இவை எல்லாம் ஒன்று போலக் குரோம் முலாம் பூசி வந்தாலோ, உடலோடு ஒட்டி வெறும் பிளாஸ்டிக்காக வந்தாலோ, அவற்றை வேறுபடுத்திக் காட்டுவது செய்பவரின் பொறுப்பு. இந்த வழி கேட்பது பொறுமையையும் பார்வையையும்தான். அறுவைச் சிகிச்சையை அன்று. எந்தக் கட்டத்தில் தவறு நேர்ந்தாலும் ஒரு படி பின்னால் சென்று திருத்திக்கொள்ளலாம். அதனாலேயே இதை முதலில் பரிந்துரைக்கிறேன்.

கஸ்டம் வழி உண்மையில் இரண்டு வழிகள், அவற்றை ஒன்றாகக் கருதுவதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஒன்று மேலோட்டமான கஸ்டம்: சக்கரங்களை மாற்றுவது, அச்சுத்தண்டு பொருந்தும் இடத்தைச் சற்று மாற்றிக் காரைத் தரையோடு தாழ்த்துவது, கதவுப் பிடிகளையும் சின்னங்களையும் செதுக்கி எடுத்து உடலை வழவழப்பாக்குவது, தொழிற்சாலை அறியாத நிறத்தைப் பூசுவது. இதில் செதுக்கி எடுத்தவை மட்டுமே திரும்பாதவை. இன்னொன்று உடலையே அறுக்கும் கஸ்டம். கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்களின் பட்டறை 1951 மெர்க்குரி ஒன்றை மாற்றியமைத்து 1952-இல் முடித்த ‘ஹிரோஹாட்டா மெர்க்’ என்ற காரைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. கூரை தாழ்ந்து, பக்கக் கண்ணாடிகள் ஒடுங்கி, கார் முழுவதும் ஒரே ஓட்டத்தில் வடித்தெடுத்ததுபோல நிற்கும் வடிவம் அது. ஆனால் அந்த ஓட்டத்தை அறுவைக்குப் பின் கொண்டுவருவது என்னவென்று ஒருமுறை அருகில் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

உண்மைக் காரில் 4 அங்குலம் கூரையைத் தாழ்த்துவது 1/25-இல் ஏறத்தாழ 4 மி.மீ. ஆகிறது. தூண்களில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் இரு ஓரங்களையும் கோடாகக் கொண்டு மெல்லிய ரம்பத்தால் அறுத்து, 4 மி.மீ. துண்டை எடுத்துவிடுகிறோம். கூரையைக் கீழே இறக்கினால், மேல்பாதித் தூணும் கீழ்பாதித் தூணும் சந்திப்பதில்லை. தூண்கள் மேலே போகப்போக உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், தாழ்த்திய கூரை தான் உட்கார வேண்டிய இடத்தைவிடக் குட்டையாகிவிடுகிறது. முன்தூணைப் பொருத்தினால் பின்தூண் விலகி நிற்கும். பின்தூணைப் பொருத்தினால் முன்தூண் விலகி நிற்கும். எனவே கூரையையே குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவில் பிளாஸ்டிக் தகடு வைத்து நீட்ட வேண்டும், அல்லது முன்தூணை அடியில் அறுத்துச் சாய்வை மாற்ற வேண்டும். அதன்பின் பட்டி பார்த்துத் தேய்க்கும் வேலை. கரைப்பானால் உலரும் சாதாரணப் பட்டி வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். பளபளப்பான பூச்சு உலர்ந்து ஒரு மாதம் கழித்து அறுத்த கோடு மெல்லிய நிழலாக மேலே தெரியும். இணைப்புகளுக்கு உடனடிப் பசையையோ இரண்டு பகுதிகளைக் கலந்து கெட்டிப்படுத்தும் பட்டியையோ பயன்படுத்துவதே இதற்கு மாற்று. இத்தனையும் முடிந்தபின், கிட்டில் வந்த வளைந்த முன்கண்ணாடி பொருந்தாது. அதை அறுத்துச் சிறிதாக்க முயன்றால் விரிசல் விடும் அபாயம் உண்டு. மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் வெட்டிப் பொருத்துவது பாதுகாப்பானது, ஆனால் இரு திசையிலும் வளைந்த கண்ணாடிக்கு அது இணங்காது.

இதனைச் சொல்வது யாரையும் அச்சுறுத்த அன்று. இந்த வேலை தரும் நிறைவு வேறெதிலும் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது மாதிரி செய்யும் கலையைவிட டிங்கரிங் பட்டறைக் கலைக்கு நெருக்கமானது; தேர்ந்த பூச்சு கையில் வராதவர் இதில் இறங்கினால், அறுவையின் குறையையும் பூச்சின் குறையையும் பிரித்தறிய முடியாமல் திணறுவார். தாழ்த்திய கூரைதான் வேண்டும் என்றால், ஏற்கெனவே தாழ்த்திய வடிவத்திலேயே வார்க்கப்பட்டு வரும் ரெவெலின் 1949 மெர்க்குரி கஸ்டம் கிட் இருக்கிறது. அது கண்ணாடியும் சேர்த்துப் பொருத்தமாக வருகிறது. கூரையை அறுக்கும் பயிற்சி நோக்கமா, தாழ்ந்த கூரையுள்ள கார் நோக்கமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொண்டால் பாதிப் பேருக்கு இந்தக் கிட்டே விடையாக அமையும்.

மூன்றாவது வழியான துருவேறிய வண்டி, குறைகளை மறைக்கும் என்ற நம்பிக்கையில் தேர்ந்தெடுக்கப்படுகிறது. பளபளப்பு தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் துரு எங்கே தொடங்கும் என்று தெரியாமல் எங்கும் பழுப்பைத் தெளித்தால், அது துருவாக அன்றிச் சேறாகவே தெரியும். நீர் தேங்கும் இடங்களில்தான் துரு பிடிக்கும்: கதவுக்குக் கீழே உள்ள அடிப்பட்டை, சக்கர வளைவின் கீழ்முனை, முன்விளக்கைச் சுற்றியுள்ள விளிம்பு, கண்ணாடியின் அடி ஓரம். கூரையிலும் பானட்டிலும் வெயிலால் நிறம் வெளுக்கும். இதற்கு நன்றாக உதவும் முறை ஒன்று உண்டு. துரு நிறத்தை முதலில் பூசி, நிறமற்ற கிளியர் பூச்சால் காத்து, அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரேயைத் தெளித்து, பிறகு நீரில் கரையும் அக்ரிலிக்கால் காரின் நிறத்தைப் பூச வேண்டும். சற்று உலர்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால், ஹேர்ஸ்பிரே கரைந்து மேல்நிறம் செதில் செதிலாக உரிந்து அடியில் உள்ள துரு வெளிப்படும். வரைந்த துருவுக்கும் உரிந்த துருவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் உடனே அறியும். பூச்சில் கைதேறாதவருக்கு இந்த வழி கஸ்டம் அறுவையைவிடப் பாதுகாப்பானது. முழுவதையும் உரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

பூச்சு: உண்மையான முடிவு இங்கேதான்

அசலா கஸ்டமா என்று வாரக்கணக்கில் யோசிப்பவர்கள், எந்தப் பூச்சு என்பதைக் கையில் கிடைத்ததை வைத்துத் தீர்த்துவிடுகிறார்கள். பாதிக் கார்கள் கெடுவது இதனால்தான். லாக்கர், எனாமல், அக்ரிலிக் என்ற மூன்றும் உலரும் முறையிலேயே வேறுபட்டவை. லாக்கர் அதன் கரைப்பான் ஆவியாவதால் உலர்கிறது. தமியாவின் டிஎஸ் வரிசை ஸ்பிரே கேன்களும் ஜிஎஸ்ஐ கிரியோசின் மிஸ்டர் கலரும் இந்த வகை. நிமிடங்களில் தொடும் அளவுக்கு உலர்ந்து, சில நாட்களில் தேய்த்து மெருகேற்றும் அளவுக்குக் கடினமாகிவிடும். அடுத்த கோட் (ஒருமுறை பூசும் அடுக்கு) முந்தைய கோட்டைச் சற்றுக் கரைத்து அதோடு ஒன்றிவிடும். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. தானாகவே சமன்பட்டுப் பரவும் அழகு இதற்கு உண்டு, தூரிகையால் பூசினாலும் கோடுகள் மறையும். ஆனால் முழுமையாக இறுக வாரங்கள் பிடிக்கும், அதுவரை தூசியையும் விரல்ரேகையையும் வரவேற்றுக்கொண்டிருக்கும். நீரில் கரையும் அக்ரிலிக் வாடை குறைவு, வீட்டுக்குள் வேலை செய்ய ஏற்றது. ஆனால் உடலின் பெரிய பரப்பில் கண்ணாடிப் பளபளப்பைக் கொண்டுவருவதும், பிறகு உப்புத்தாளால் தேய்ப்பதும் இதில் கடினம். மெல்லிய தோலாக உரியும் இயல்பு அதற்கு உண்டு.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உடலுக்கு லாக்கர், உள் அலங்காரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் அக்ரிலிக், பள்ளங்களில் நிழல் கொடுக்க நீர்த்த எனாமல். இந்த வரிசையில் ஒரு பாதுகாப்பும் உள்ளது. லாக்கரின் கரைப்பானே மூன்றிலும் வலுவானது என்பதால், அது எப்போதும் அடியில் இருக்க வேண்டும். லாக்கரின் மேல் எனாமலைப் பூசலாம். எனாமலின் மேல் லாக்கரை அடித்தால், அடியில் இருக்கும் எனாமல் வீங்கிச் சுருங்கி, காய்ந்த பாலாடைபோலச் சுருக்கம் விழும். அந்த நிலையில் தேய்த்துச் சரிசெய்ய ஒன்றுமில்லை, உரிக்க மட்டுமே முடியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்தால் மாதிரிகளுக்கான லாக்கரும் அக்ரிலிக்கும் பெரும்பாலும் பிளாஸ்டிக்குக்குக் கேடின்றி உரிந்துவரும். முழுதும் இறுகிய எனாமல் அவ்வளவு எளிதில் விடாது. திரும்பி வர முடியுமா என்ற கேள்வியை இங்கே கேட்டாலும் லாக்கரே முன்நிற்கிறது.

ஆனால் லாக்கருக்கு ஓர் ஆபத்தும் உண்டு, அதை நான் ஒரு காரை இழந்து கற்றேன். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்ட உடல் ஒன்றுக்கு வெண்மஞ்சள் நிறம் பூசினேன். அன்று மாலை அது தந்தம்போல இருந்தது. மூன்றாம் நாள் கூரையின் ஓரங்களில் இளஞ்சிவப்புக் கறை தோன்றியது. மேலும் இரண்டு கோட் அடித்தேன், அதுவும் ஒரு வாரத்தில் சிவந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் கலந்திருந்த சாயத்தை லாக்கரின் கரைப்பான் கரைத்து மேலே இழுத்துக்கொண்டிருந்தது. எத்தனை கோட் அடித்தாலும் ஒவ்வொரு கோட்டும் அந்தச் சாயத்துக்குப் புது வழி திறந்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. நிறப்பிளாஸ்டிக்கின் மேல் முதலில் வெள்ளி நிறத்தை ஒரு தடுப்பாகப் பூசிவிட்டு, அதன்மேல் ப்ரைமர் எனும் அடிப்பூச்சும் நிறமும் பூசுவதே இதற்கு உரிய வழி. இப்போது நிறப்பிளாஸ்டிக் உடல் எது கிடைத்தாலும் கூரையின் உட்புறத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பூசிவிட்டு ஒரு வாரம் காத்திருந்து பார்க்கிறேன். அந்த இடம் காருக்குள் மறைந்துவிடும்.

ஸ்பிரே கேனா, காற்றழுத்தத்தால் பூச்சைத் தூவும் ஏர்பிரஷ்ஷா என்ற கேள்விக்கு, ஒரே நிறத்தில் ஒரு உடலைப் பூசுவதற்கு ஸ்பிரே கேன் போதும் என்பதே என் விடை. கேனை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்து எடுத்தால் உள்ளழுத்தம் கூடி, துளிகள் நுண்மையாகித் தோலுரித்த ஆரஞ்சுபோன்ற மேடுபள்ளம் குறையும். கொதிநீர் கூடவே கூடாது. முதலில் உடல் முழுவதும் தூவல்போல இரண்டு மெல்லிய கோட், பிறகு ஒரு ஈரமான கோட். அதே சமயம், கேனில் இல்லாத நிறம் வேண்டும் என்றாலோ, கூரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாக எல்லைக்கோடு மெல்லியதாக வேண்டும் என்றாலோ ஏர்பிரஷ்ஷுக்கு ஈடில்லை. இரட்டை நிறம் என்பது 1950-களின் அமெரிக்கக் கார்களுக்கு இயல்பானது என்பதால், இந்தக் காலத்துக் கார்களில் தொடர்ந்து ஈடுபடப் போகிறவர் இன்றில்லாவிட்டாலும் நாளை அதை வாங்கியாக வேண்டும். 0.3 மி.மீ. முனை, பாலின் பதத்துக்கு நீர்த்த பூச்சு, ஏறத்தாழ 1 பார் அழுத்தம் என்று தொடங்கினால் தவறாது. இரண்டிலும் பொதுவான எதிரி ஈரப்பதம். மழைநாளில் லாக்கர் அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிந்து, பளபளப்பு பால்போல வெளுத்துவிடும்.

கிளியர் கோட் பற்றி ஒரு கருத்து வேறுபாடு நீண்ட நாளாக உண்டு. 1950-களின் தொழிற்சாலைகளில் நிறப்பூச்சின் மேல் தனிக் கிளியர் கோட் அடிக்கும் வழக்கம் இல்லை. நிறத்தையே தேய்த்து மெருகேற்றினார்கள். எனவே அசல் வடிவத்தில் ஒற்றை நிறக் கார் செய்பவர், நிறத்தையே 3,000-க்கு மேற்பட்ட நுண்ணிய உப்புத்தாளால் நீரில் தேய்த்து, பாலிஷ் கலவையால் மெருகேற்றுவதே பொருத்தம். அந்த ஒளி கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பதுபோலத் தோன்றாமல், நிறத்திலிருந்தே கிளம்பும். மெட்டாலிக் நிறத்துக்கு இது ஒத்துவராது, தேய்த்தால் உலோகத் துகள்கள் கிழிந்து மேகமூட்டமாகிவிடும், ஆகவே அங்கே கிளியர் கட்டாயம். மெட்டாலிக் என்றதும் உண்மைக் காருக்கான பூச்சை வாங்கி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். 0.05 மி.மீ. துகள் ஒன்று 1/25 மாதிரியில் 1.25 மி.மீ. துகளாகத் தோன்றும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அந்தக் கார் ஏன் ஜிகினா ஒட்டியதுபோலத் தெரிகிறது என்பது விளங்கும். பூச்சின் கனத்துக்கும் இதே கணக்குதான்: பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் சேர்ந்தால், அது உண்மைக் காரில் 2.5 மி.மீ. கனத்துக்குப் பூசியதற்குச் சமம். கதவின் இடைவெளிக் கோடுகள் அதில்தான் மூழ்கிப் போகின்றன; ப்ரைமருக்கு முன்பே கத்தியின் முதுகால் அந்தக் கோடுகளை ஒருமுறை ஆழப்படுத்திவிடுவது பயன் தரும்.

இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் யூரித்தேன் கிளியர் எல்லாவற்றையும்விடக் கடினமான, ஆழமான பளபளப்பைத் தருகிறது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் ஆவியை மீண்டும் மீண்டும் சுவாசித்தால் தீராத மூச்சுத் திணறல் நோய் வரலாம். முறையான காற்றோட்ட அறையும் அதற்குரிய சுவாசக் கவசமும் இல்லாத வீட்டில் நான் அதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண லாக்கருக்கே துணி முகமூடி போதாது, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கரிவடிகட்டி உள்ள கவசம் வேண்டும்.

குரோம்: பழைய காரின் முகம்

இன்றைய கார்களின் மாதிரியில் குரோம் வேலை ஓர் அரைமணி நேர வேலை. பழைய காரில் அதுவே பாதி வேலை. கிட்டில் குரோம் முலாம் பூசி வரும் பாகங்கள், வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்தவை. பளபளப்புக்குக் குறையில்லை, ஆனால் பாகங்கள் இணைந்துவரும் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக் தெரியும், வார்ப்பின் இணைப்புக்கோடு பம்பரின் நடுவே ஓடும், அதைத் தேய்த்தால் முலாம் போய்விடும். இங்கே மூன்று தெரிவுகள். வெட்டிய தழும்பு காருக்குள் மறையும் இடத்தில் இருந்தால் முலாமை அப்படியே விட்டுவிடலாம். தழும்பு சிறியதாக இருந்தால் மோலோட்டோவின் குரோம் பேனாவால் ஒரு துளி வைத்து மறைக்கலாம். இணைப்புக்கோடு பெரிதாக ஓடினால், துணி வெளுக்கும் பிளீச் திரவத்தில் ஊறவைத்து அலுமினியத்தைக் கரைத்துவிட்டு, கோட்டைத் தேய்த்து, பளபளப்பான கறுப்பைப் பூசி, அதன்மேல் ஆல்கிளாட் போன்ற குரோம் பூச்சை ஏர்பிரஷ்ஷால் மெல்லத் தூவ வேண்டும். கடைசி முறையில் கிடைக்கும் குரோம் கிட்டின் முலாமைவிடச் சற்று அடங்கியிருக்கும். சிறிய அளவில் அதுவே கண்ணுக்கு மெய்யாகத் தோன்றுகிறது என்பது என் கருத்து. ஆனால் விரலால் தொட்டால் மங்கும் தன்மை அதற்கு உண்டு.

உடலோடு சேர்ந்து வார்க்கப்பட்ட கண்ணாடி ஓரங்கள், பக்கப் பட்டைகள் ஆகியவற்றுக்குப் போட்டி, ஒட்டும் உலோகத்தாளுக்கும் குரோம் பேனாவுக்கும் இடையில்தான். பேனா விரைவானது, வளைவுகளில் இலகுவாகச் செல்லும். ஆனால் முழுதும் உலர நாட்கள் ஆகும், மேலே கிளியர் அடித்தால் பெரும்பாலும் வெறும் வெள்ளி நிறமாக மாறிவிடும். உலோகத்தாள் உண்மையான உலோகம் என்பதால் ஒளி அதன்மேல் வேறுவிதமாக விழுகிறது. தேவைக்கு மேல் அகலமாக ஒரு துண்டை வெட்டி, பட்டையின்மேல் படியவைத்து, பஞ்சுக் குச்சியால் அழுத்தி, பல்குத்தும் குச்சியின் முனையால் ஓரத்துப் பள்ளத்தில் இறக்கி, புத்தம்புதிய கத்தியால் அழுத்தாமல் ஒரே இழுப்பில் வெட்டி, எஞ்சியதை உரித்தெடுக்க வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் தாள் கிழியும், அழுத்தினால் பூச்சில் கோடு விழும். கிழிந்தால் உரித்துவிட்டு மீண்டும் ஒட்டலாம், அடியில் உள்ள பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. பொறுமை இருப்பவருக்கு உலோகத்தாள்தான் என்று தயங்காமல் சொல்வேன். பெல் ஏரின் துடுப்புத் தகட்டுக்கு மங்கிய அலுமினியத் தாளும், ஓரப் பட்டைகளுக்குக் குரோம் தாளும் பயன்படுத்தினால் முன்பு சொன்ன உலோக வேறுபாடு தானாகவே அமைந்துவிடும். கிரில்லின் பொன்னிறத்துக்கு, குரோமின் மேல் தமியாவின் ஒளிபுகும் மஞ்சளில் ஒரு துளி ஒளிபுகும் ஆரஞ்சைக் கலந்து மெல்லப் பூசினால் போதும்.

உடலில் புடைப்பாக வார்க்கப்பட்டிருக்கும் எழுத்துகளுக்கு ஒரு தனி முறை இருக்கிறது, அதைச் செய்து பார்த்தபின் வேறு முறைக்கு நான் திரும்பவில்லை. நிறம் பூசுவதற்கு முன்பே, ப்ரைமரின் மேல் அந்த எழுத்தை மூடும்படி உலோகத்தாளின் சிறு துண்டை ஒட்டி நன்றாக அழுத்திவிட வேண்டும். அதன்மேலேயே நிறத்தைப் பூசலாம். நிறம் உலர்ந்ததும், தின்னரில் நனைத்துப் பிழிந்த துணியை விரல்நுனியில் சுற்றி, எழுத்தின் உச்சியை மட்டும் லேசாகத் தடவினால், நிறம் கரைந்து அகன்று, தலைமுடி அளவு மெல்லிய எழுத்து குரோமாக எழுந்து நிற்கும். எந்தத் தூரிகையாலும் அவ்வளவு நேர்த்தியாக எழுத முடியாது. சின்னங்களைச் செதுக்கியெடுக்கும் கஸ்டம் வழியில் போகிறவர்கள், இதை ஒருமுறை செய்துபார்த்துவிட்டுக் கத்தியை எடுக்கட்டும்.

இன்ஜினும் சக்கரமும்

பானட்டைத் திறந்து காட்டப் போவதில்லை என்றால் இன்ஜினில் நேரம் செலவிட வேண்டாம். காட்டுவதாக இருந்தால், கூடுதல் பாகங்கள் வாங்குவதைவிட ஸ்பார்க் பிளக் கம்பிகளைச் சேர்ப்பதே மிகுந்த பலன் தரும். உண்மையில் 7 மி.மீ. தடிமன் உள்ள கம்பி 1/25-இல் 0.28 மி.மீ.; இதைவிடத் தடித்த கம்பியைச் சுற்றினால் வி8 இன்ஜின் தோட்டக் குழாய்களுக்குள் சிக்கியதுபோல இருக்கும்.

சக்கரங்களுக்கு வருகிறேன். அசலா, மேலோட்டமான கஸ்டமா என்பதை இன்னும் முடிவு செய்யாதவர் செய்ய வேண்டிய சோதனை இதுதான். பசையின்றி, மாஸ்கிங் டேப்பால் உடலை அடிச்சட்டத்தோடு ஒட்டி, முதலில் கிட்டின் அசல் சக்கரங்களை வைத்து, கண்மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். பிறகு கஸ்டம் சக்கரங்களை வைத்து, முன்புறத்தை 2 மி.மீ. தாழ்த்திப் பாருங்கள். சக்கர வளைவுக்கும் டயருக்கும் இடையில் உள்ள இடைவெளி மாறும்போது ஒரே உடல் இரண்டு வேறு கார்களாகத் தோன்றும். சில உடல்கள் அசல் உயரத்திலேயே கம்பீரமாக நிற்கும், சில தாழ்ந்தால்தான் நிற்கும். எது எது என்பது படத்தைப் பார்த்துத் தெரியாது, கையில் பிடித்தால்தான் தெரியும். நான்கு டயர்களும் தரையைத் தொடுகின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம், ஏனென்றால் பூச்சு முடிந்தபின் ஒரு சக்கரம் காற்றில் நிற்பதைக் கண்டால் அச்சுத்தண்டை வளைக்கும்போது உடலில் கைரேகை படியும்.

அசல் சக்கரங்களோடு முடித்தால், ‘ஒன்றில் மூன்று’ கிட்டில் கஸ்டம் சக்கரங்களும், மாற்றுக் கிரில்லும், வேறொரு பம்பரும் மிஞ்சும். அவற்றைத் தூக்கிப் போடாமல், எந்தக் கிட்டிலிருந்து வந்தவை, எந்த அளவு என்று எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். என் டப்பாவில் இப்போது ஏழு ஜோடிச் சக்கரங்களும், முலாம் உரித்த இரண்டு பம்பர்களும், அந்தச் சிவந்துபோன உடலும் இருக்கின்றன. அதன் கூரையில்தான் முதல் முறையாக ரம்பம் வைத்துப் பழகினேன்.